மொட்டைமாடிச் சாவி

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். தேதி, வீட்டுக்குள் எத்தனை டிகிரி, உடம்புக்கு என்ன செய்தது, எவ்வளவு நேரம் இருந்தது. "கதையெல்லாம் வேண்டாம்மா, குறிப்பு போதும்" என்றார். சொல்லும்போது அவர் அறையில் ஏசி இருபத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கதை எழுதத் தோன்றினால் எழுதுவேன். நோட்டு என் காசு.

மாலை 5 மணி. படுக்கையறை 37. உடம்பு: ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 5, சனி

"ஒன்னுமில்லன்னு எழுதறதுக்கா நோட்டு?" என்று அமலன் கேட்டார். கணவர் என்றால் எதை வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாமா? இனி இது என் கைப்பையில்தான் இருக்கும்.

சரி, டாக்டருக்காக ஒழுங்காக எழுதுகிறேன். பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்தெட்டு. திருச்சியில் சாலை ரோடு என்கிற கடைவீதியில், ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் பதினோரு வருடமாக விற்பனை. மிக்ஸி, ஃபேன், ஏர்கூலர் பிரிவு என் பொறுப்பு. கணவர் அமலன், பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் பயிற்றுநர். கருமண்டபத்தில் வாடகை வீடு, முதல் மாடி. எங்களுக்கு மேலே மொட்டைமாடி, அதற்கு மேலே சூரியன். நடுவில் ஐந்து அங்குலக் கான்கிரீட். வெயில் தடுக்கும் தட்டு ஓடு பதிக்கவில்லை, வெள்ளைகூட அடிக்கவில்லை. பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் விடியும்வரை எங்கள் தலையில் இறக்குகிறது. ஏசி போட வீட்டுக்காரர் விடவில்லை. வயரிங் பழசு, தாங்காதாம்.

போன நவம்பரில் இடது கண் ஒரு வாரம் மங்கியது. பிறகு இடது கால் மரத்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு எம்.எஸ். என்றார்கள். நரம்பின் மேலுறை அங்கங்கே அரித்துப்போகிற நோயாம். வயர் உறை உரிந்தது மாதிரி என்று டாக்டர் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். உடம்பில் சூடு ஏறினால் எல்லாக் கோளாறும் வெளியே வரும், உடம்பு ஆறினால் அடங்கும். அதனால் வெயில் ஆகாது. திருச்சியில் இருக்கிறவளிடம் வெயில் ஆகாது என்கிறார்.

இது தெரிந்தவர்கள் மூன்று பேர்: டாக்டர், அமலன், நான். நான்காவது ஆளுக்குத் தெரிந்தால் நான் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று அமலனிடம் சொல்லியிருக்கிறேன்.

37.5. உடம்பு: பரவாயில்லை.

ஏப்ரல் 9, புதன்

கூலர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கூலர் கண்டுபிடித்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள். இன்று ஒருவர், "மண்பானையில தண்ணி ஊத்தி ஃபேனுக்கு முன்னாடி வெச்சா ஊட்டிம்மா, இதெல்லாம் ஏமாத்து வேல" என்றார். அப்புறம் எதற்கு ஐயா வந்தீர்கள்? இன்னொரு அம்மா, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூலர் போடுவேன் என்று பிடிவாதம். சாத்திய அறையில் கூலர் போட்டால் அறை இட்லிக்குண்டான் ஆகும். பதினோரு வருடமாக இதைச் சொல்கிறேன். நான் விற்பதற்காகப் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

மதியம் மிக்ஸி ஜார் ஒன்று கையிலிருந்து விழுந்து உடைந்தது. கை வியர்த்திருந்தது.

38. உடம்பு: நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயிலிலிருந்து வந்ததும் கீழே போய் வீட்டுக்காரரைப் பார்த்தோம். சிதம்பரநாதன், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டைமாடிக் கதவை எப்போதும் பூட்டி வைத்திருப்பார். சாவி அவருடைய ஸ்கூட்டர் சாவிக்கொத்தில் தொங்கும்.

"சார், மாடிச் சாவி ரெண்டு நாளைக்கு வேணும். எங்க செலவுல வெள்ளைப் பூச்சு அடிச்சுக்கறோம்" என்றேன்.

"எதுக்கும்மா?"

"சூடு தாங்கல சார்."

"வெயில்காலம்னா சூடாத்தாம்மா இருக்கும். நாங்க குவார்ட்டர்ஸ்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ இருவது வருஷம் குடித்தனம் பண்ணோம். செத்தா போயிட்டோம்? இப்ப வெள்ளை அடிக்கணும்பீங்க. அப்புறம் பூந்தொட்டி வெக்கணும்பீங்க. முன்ன இருந்தவன் செடி வெச்சுத்தான் என் தளத்த ஒழுக விட்டான். சாவி கெடையாது."

அமலன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடட்டுமா என்கிற பார்வை. நான் முறைத்தேன். வாயை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது படி ஏற நேரமானது. செருப்பு வழுக்கியது.

38.5.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி வழிபாடு. கோயிலுக்குள் ஆயிரம் பேர், பத்து ஃபேன். சிலுவையை முத்தமிட வரிசை வாசல்வரை நின்றது. பாதி வழியில் முன்னால் நின்றவருடைய தோளைப் பிடித்துக்கொள்ளும்படி ஆனது. கூட்டம் தள்ளியது. பின்னால் நின்ற ஒரு பெண், "ஒருசந்தியா சிஸ்டர்?" என்று கேட்டார். ஆமாம், நோன்புதான் என்றேன். மாத்திரைக்காகக் காலையில் நான்கு இட்லி தின்றது அவருக்கு எதற்கு?

39. உடம்பு: ஒருசந்தி மயக்கம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பாலிடெக்னிக்கில் அமலனுக்கு ஆளாளுக்கு யோசனை சொல்லி அனுப்புகிறார்கள். ஒருவர் மேலே சாக்கு நனைத்துப் போடு என்கிறார். இன்னொருவர் தென்னங்கீற்று. சாவியே இல்லை, என்னத்தைப் போட? கடைசியில் உட்பக்கத்திலிருந்து அடைப்போம் என்று முப்பது தெர்மகோல் தாள் வாங்கி வந்து கூரையில் பசை போட்டு ஒட்டினார். வேலை தெரிந்த மனிதர், அளவெல்லாம் நூல் பிடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கூரைச் சூட்டில் பசை இளகி, மதியம் ஒரு தாள், மாலை இரண்டு தாள் என்று விழ ஆரம்பித்தன. சாதத்தில் ஒன்று விழுந்தது.

"மெக்கானிக்கலா ஃபிக்ஸ் பண்ணனும் ஜெசி. ஸ்க்ரூ அடிச்சா நிக்கும்."

"அடிங்க. வீட்டுக்காரர் உங்க மண்டையில ஸ்க்ரூ அடிப்பாரு."

அவர் ஏணியில் நின்றபடி சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. என்னைச் சமாளிக்கிற சிரிப்பு. நவம்பருக்கு முன்னால் அவர் என்னோடு சண்டை போடுவார். இப்போது போடுவதே இல்லை.

தெர்மகோலுக்கு முன் 39. பின் 38.5.

ஏப்ரல் 26, சனி

கடையில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து ஃபோன். "மேடம், அந்த கியர் சைக்கிள் இன்னும் இருக்கா?"

அமலன் என் சைக்கிளை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். படத்தோடு. என்னைக் கேட்காமல். என் நம்பரையும் தப்பாமல் கொடுத்திருக்கிறார்!

அது வெறும் கியர் சைக்கிள் இல்லை, மவுண்டன் பைக். ஆறு வருடத்துக்கு முன்னால் தீபாவளி சீசனில் அதிகமாக விற்றுக் கிடைத்த ஊக்கத்தொகையில் நானே வாங்கியது. பச்சைமலைக்கு மூன்று முறை, கொல்லிமலைக்கு ஒரு முறை அதில் போயிருக்கிறேன். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. எங்கேயும் இறங்கித் தள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஆறு மாசமா சும்மா நிக்குது ஜெசி. அத வித்துட்டு ஒனக்கு அந்த ஐஸ் ஜாக்கெட் வாங்கலாம்னு பாத்தேன். வெளிநாட்டுல எம்.எஸ். இருக்கறவங்க எல்லாரும் போட்டுக்கறாங்களாம்."

"நான் என்ன மீனா, ஐஸ்ல வெக்க? வெயில் எறங்கினதும் ஓட்டுவேன்."

"வெயிலாலயா நீ ஓட்டல? டிசம்பர்லகூட ஓட்டலயே."

தோசைக்கல்லைத் தேய்த்தேன். தேய்க்கிற சத்தத்தில் அவர் அடுத்துச் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

வர வேண்டாம் என்று சொல்லியும் அந்த ஆள் வந்துவிட்டார். காலேஜ் லெக்சரர். சைக்கிளை இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

"இருவத்தாறு இஞ்ச் வீலா? இப்பல்லாம் இருவத்தொம்பதுதான் மேடம். முன்னாடி மூணு பல்சக்கரம், அதெல்லாம் பழைய மாடல். பரவால்ல, லேடீஸ் ஓட்டினதுதான? அதிகம் அடிபட்டிருக்காது."

"சார் எந்த மலையெல்லாம் ஏறியிருக்கீங்க?"

"நான்... இனிமேத்தான் ஆரம்பிக்கணும்."

"அப்ப ஆரம்பிச்சிட்டு வாங்க."

போய்விட்டார். அமலன் அவரைக் கீழேவரை கொண்டுபோய் விட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. யார் சார்பாக மன்னிப்பு?

39.

ஏப்ரல் 28, திங்கள்

விடிகாலையில் சைக்கிளை எடுத்தேன். செயின் கழன்றுவிட்டது. திரும்பிவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு.

ஏப்ரல் 29, செவ்வாய்

"செயின் சரியாத்தான இருக்கு" என்கிறார் அமலன், புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே. "பெடல்ல கால் இருக்கா இல்லையான்னு ஒனக்குத் தெரியலியா?"

கையை இழுத்துக்கொண்டேன். மருந்தைப் போட வந்தால் மருந்தை மட்டும் போட வேண்டும்.

39. உடம்பு: சிராய்ப்பு தவிர ஒன்றும் இல்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம் என்று டிவியில் கொண்டாடுகிறார்கள்.

நேற்று கடையில் ஸ்டூலில் உட்கார்ந்ததற்கு மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "கஸ்டமர் வர்ற நேரத்துல உக்காந்தா நல்லாவாம்மா இருக்கு?" கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அச்செடுத்துத் தரட்டுமா என்றேன். என்னாச்சு இந்த அம்மாவுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். பதினோரு வருடத்தில் நான் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை, உண்மைதான்.

40.

மே 6, செவ்வாய்

லீவு. குழாயில் கொதிநீர்தான் வருகிறது, அதற்காகக் காலையிலேயே வாளியில் பிடித்து ஆறவைத்திருந்தேன். குளியலறைத் தரை குளிர்ச்சியாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் இருக்கும். அமலன் மதியச் சாப்பாட்டுக்கு வந்து கதவைத் தட்டி, தாழ்ப்பாளை நெம்பித் திறந்து, என்னைத் தூக்கினார். தூக்கினார் என்றால், கை கொடுத்தார்.

தாழ்ப்பாள் போய்விட்டது. வேறு வாங்க வேண்டும்.

40. உடம்பு:

மே 7, புதன்

சொல்லிவிட்டார். எல்லாவற்றையும். என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கீழே போய் வீட்டுக்காரரிடம் நோயின் பெயர் முதல் மாத்திரையின் பெயர்வரை ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார்.

"சாவி குடுப்பாருன்னு நெனச்சேன் ஜெசி. மனுசன்தான அவரும்."

மாலையில் சிதம்பரநாதனும் அவர் மனைவி தனலட்சுமியும் நான்கு இளநீரோடு மேலே வந்தார்கள். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அமலனைப் பார்த்துப் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. மனசு கேக்காமத்தான் சொல்றேன். இவங்களுக்கு மாடிப்படி ஆகாது. நாளைக்கு விழுந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் வாசல்ல போலீஸ் வந்து நிக்கும். ஜூன் கடைசிக்குள்ள கீழ்வீடாப் பாத்துக்குங்க."

"சார், நான் இங்கதான் இருக்கேன். எங்கிட்ட பேசுங்க" என்றேன்.

"நீ உணர்ச்சிவசப்படாதம்மா. ஒடம்புக்கு ஆகாது."

அவர்கள் போனதும் இளநீர் நான்கையும் சிங்க்கில் கொட்டினேன். இதற்காகத்தான் யாருக்கும் சொல்லாதே என்றேன். இதற்காக மட்டும்தான்.

மே 9, வெள்ளி

அமலனோடு பேசவில்லை. 40.5.

மே 10, சனி

மதியம் தனலட்சுமி அக்கா மட்டும் வந்தார். முந்தானையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவரு ஒரு கல்யாணத்துக்கு மதுரை போயிருக்காரு. புதன்கிழமதான் வருவாரு. சாவிக்கொத்த வெச்சிட்டுப் போனாரு. அடிச்சுக்கங்க."

"அக்கா, சார் திட்டுவாரே."

"திட்டட்டும். முப்பத்தேழு வருஷமாத் திட்டறாரு. நான் இருக்கேன்ல?" கொஞ்ச நேரம் கூரையில் தொங்கிக்கொண்டிருந்த தெர்மகோலையே பார்த்தார். "ஜெசிந்தா, ஒண்ணு சொல்றேன், மனசுலயே வெச்சுக்க. கீழ எங்க ரூம்ல ஏசி ஓடுது. வயரிங் எல்லாம் ஒரே வயரிங்தான்."

அவர் இறங்கிப் போன பிறகு அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மூன்று நாளுக்குப் பிறகு அமலனிடம் வாய் திறந்தேன்.

"சுண்ணாம்பு வாங்கிட்டு வாங்க."

மே 11, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு மேலே ஏறினோம். ஆறு மாசக் குப்பை, காக்கை போட்ட எலும்பு, பாசி. அமலன் பெருக்கிக் கழுவினார். சுண்ணாம்பைப் பசையோடு கலந்து, இரண்டு வாளி. என்னை நிழலில் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்துதான் அடித்தேன், ஆனால் நிழலில் இல்லை. ஒரு பலகையில் உட்கார்ந்து, வலது கையில் பிரஷ், இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து அடித்தேன்.

அமலன் எதிர்ச் சுவரிலிருந்து அடித்துக்கொண்டு வந்தார். நடுவில் சந்தித்தபோது கேட்டேன்:

"எங்கிட்ட சண்ட போடறத ஏன் நிறுத்தினீங்க?"

அவர் பிரஷை வாளியில் வைத்தார். "பயமா இருக்கு ஜெசி. நான் கத்தி, அதுல ஒனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நீங்க கத்தினா எனக்கு ஒண்ணும் ஆகாது. எங்கிட்ட கேக்காம சைக்கிள விக்கப் போட்டீங்களே, அதுலதான் ஆச்சு. எங்கிட்ட கேக்காம அந்தாளுகிட்ட போயி சொன்னீங்களே, அதுல ஆச்சு."

"அப்ப நான் என்னதான் பண்ணணும்? நீ எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கற! குளியலறையில ரெண்டு மணி நேரம் கெடக்கற, ஃபோன் பண்ண மாட்டேங்கற! தண்ணிக்குள்ள நீ கெடந்தத நான் பாத்தேன்டி! அதுக்குப் பதிலா நோட்டுல பொய்ய எழுதி வெக்கற!"

கத்தினார். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த பெண் திரும்பிப் பார்க்குமளவுக்குக் கத்தினார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சுண்ணாம்புக் கையோடு கத்தினோம். ஏழு மாதத்தில் இன்றுதான் அந்த மனிதர் என்னை ஒரு ஆளாக நினைத்தார் என்று தோன்றியது.

எட்டே முக்காலுக்கு வெயில் ஏறிவிட்டது. இடது கால் போய்விட்டது. மரத்தது இல்லை, போய்விட்டது. கண்ணும் மங்கல். அமலன் என்னை முதுகில் சுமந்து இருபத்தோரு படி இறங்கினார்.

டாக்டருக்கு: இந்த நோட்டில் எழுதியதில் பலது பொய். ஜார் விழுந்தது வியர்வையால் அல்ல, விரல் பிடிக்கவில்லை. செருப்பு வழுக்கவில்லை. ஒருசந்தி இல்லை. செயின் கழலவே இல்லை, தெருமுனை திரும்புவதற்குள் விழுந்தேன். ஆறாம் தேதி குளிர்ச்சிக்காக உட்காரவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. ஏப்ரலிலிருந்து மொத்தம் ஒன்பது முறை விழுந்திருக்கிறேன். இடது கண் எல்லா நாளும் மாலையில் மங்குகிறது.

மே 13, செவ்வாய்

நேற்று இரண்டாவது பூச்சை அமலன் மட்டும் அடித்தார். நான் மொட்டைமாடிக் கதவுப் படியில் உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களைக் காட்டினேன்.

மாலை 5 மணி. வெளியே 41. படுக்கையறை 36. கூரையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "வெறும் சுண்ணாம்பு" என்றார் அமலன். ஒரு வருடமாக நாங்கள் வெந்ததற்குக் காரணம், இரண்டு வாளி சுண்ணாம்பு அடிக்க ஒரு மனிதர் விடாதது.

உடம்பு: இடது கால் கனமாக இருக்கிறது. சுவரைப் பிடித்து நடந்தேன். விழவில்லை.

மே 14, புதன்

வந்துவிட்டார். பேச்சு வாசலிலேயே ஆரம்பித்தது.

"யாரக் கேட்டு என் மாடிமேல ஏறினீங்க?"

அமலன் வாய் திறப்பதற்குள் நான் கதவுக்கு வந்துவிட்டேன். "உங்க மேல தப்பு கண்டுபிடிக்க வரல சார். ஒரே ஒரு கேள்வி. உங்க ரூம் ஏசியத் தாங்கற வயரிங் எங்க ரூம் ஏசிய ஏன் தாங்காது?"

படியில் அவருக்குப் பின்னால் நின்ற தனலட்சுமி அக்கா கீழே குனிந்துகொண்டார். நான் அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஏசியைப் பற்றி மட்டும் நினைத்தேன், அவரைப் பற்றி நினைக்கவில்லை. ஆனால் அவர் நிமிர்ந்து, "நான்தான் சொன்னேன். சாவியும் நான்தான் குடுத்தேன்" என்றார்.

சிதம்பரநாதன் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கடைசியில், "வெள்ள கண்ணக் கூசுது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

36.5.

மே 18, ஞாயிறு

கேட்டில் போர்டு மாட்டியிருக்கிறார். முதல் மாடி வாடகைக்கு. ஜூலை முதல். குளிர்ந்த தளம். ஏசி வசதி உண்டு.

குளிர்ந்த தளம்! அடித்த சுண்ணாம்பு இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிறது.

அதைப் பிடுங்கி ரோட்டில் எறிய இறங்கினேன். ஒன்பதாவது படியில் கால் நின்றுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வலியால் இல்லை, ஆத்திரத்தால். தனலட்சுமி அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவ ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் ஒரு கட்டு முடிந்தது. பிறகு அவர் கையைப் பிடித்து எழுந்தேன்.

மே 21, புதன்

அந்த லெக்சரரை நானே கூப்பிட்டேன். யாரும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"முன்னாடி சஸ்பென்ஷன்ல ஆயில் சீல் போயிருக்கு, மாத்தணும். பின் பிரேக் டிஸ்க்ல லேசா வளைவு. போன மாசம் நான் விழுந்ததுல கியர் லீவர் கீறியிருக்கு. இதெல்லாம் சொல்லாம விக்க மாட்டேன். ஏத்தத்துல முதல் கியருக்கு அவசரமாப் போகாதீங்க, செயின் மாட்டிக்கும்."

அவர் எல்லாவற்றையும் ஃபோனில் குறித்துக்கொண்டார். அதற்காக அவரை மன்னித்தேன். பிறகு, "ஏன் மேடம் விக்கறீங்க?" என்று கேட்டார். முன்பு என்றால் உங்களுக்கு எதற்கு என்றிருப்பேன். "என்னால இனிமே ஓட்ட முடியாது சார்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அமலன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

லெக்சரர் அதைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போவதை நான் பார்க்கவில்லை. அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தேன்.

மே 25, ஞாயிறு

பூசை முடிந்து வீடு பார்க்கப் போனோம். முதல் வீட்டில் அமலன் பேசினார், நான் ஆட்டோவிலேயே இருந்தேன். வாசலில் ஐந்து படி. இரண்டாவது வீட்டில் உள்ளே போய் எல்லாம் பார்த்த பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல் அமலன் என் உடம்பைப் பற்றிச் சொன்னார். உடனே அந்த வீட்டுக்காரருடைய மச்சினருக்கு அந்த வீடு வேண்டியிருந்தது.

மூன்றாவது எடமலைப்பட்டிப்புதூரில். வீட்டுக்காரர் ரஹ்மத் பீவி, மேல்தளத்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். கீழ்த்தளம் காலி. மேலே அவர் வீடு இருப்பதால் கூரை சுடவில்லை, கை வைத்துப் பார்த்தேன். அமலன் வாடகை எவ்வளவு என்று ஆரம்பிக்கப் போனார். நான் குறுக்கே பேசினேன்.

"அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு எம்.எஸ்.னு ஒரு நரம்பு நோய். சூடு ஆகாது. நடக்கறப்ப விழுவேன். கண்ணு மங்கும். வீடு குடுக்க மனசில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. பிற்பாடு போகச் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அந்த அம்மா கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சுருட்டினார்.

"ஒட்டிக்கிற நோயா?"

"இல்ல."

"வெயில் காலத்துல மட்டும்தானா?"

"வெயில்ல அதிகம். மத்தபடி எப்பவும் உண்டு. அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு டாக்டருக்கே தெரியாது."

மச்சினர் வரப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"இங்க கக்கூஸ் குத்தவெச்சு உக்கார்றதுதான். ஒன்னால உக்காந்து எந்திரிக்க முடியுதாம்மா?"

ஏழு மாதத்தில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை, அமலன் கேட்கவில்லை. இப்போதிருக்கும் வீட்டிலும் அதேதான். ஒவ்வொரு நாளும் காலையில் குழாயைப் பிடித்து, சுவரைப் பிடித்து, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் முட்டி ஊன்றி எழுந்து வருகிறேன். அமலனுக்குக் கேட்காமலிருக்கத் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுவேன்.

"முடியல" என்றேன்.

அமலன் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அப்ப மாத்திடலாம்" என்றார் ரஹ்மத் பீவி, துணிக்கு அளவெடுப்பவர் குரலில். "செவ்வாக்கிழம கொத்தனார் வர்றாரு. வெஸ்டர்ன் கக்கூஸ் ரெடிமேடா வெச்சா ஒனக்கு உயரம் பத்தாது, கீழ மேடை கட்டித்தான் வெக்கணும். நீயே வந்து உக்காந்து பாத்துச் சொல்லு. கைப்பிடி எந்தப் பக்கம் வேணும்?"

"வலது பக்கம்."

"சரி. வலது பக்கம்."

ஆட்டோ ஜங்ஷன் தாண்டியபோது அமலன், "தெனமுமா?" என்று மட்டும் கேட்டார். தினமும் என்றேன். என் கையைப் பிடித்தார். பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்ல வேண்டும். மேனேஜர் காரணம் கேட்பார். சொல்லப் போகிறேன்.